ஸ்கிரிப்ட் ஃபாண்ட்: வனப்பெழுத்துரு

மும்பையின் மாட்டுங்காவிலோ தாராவியிலோ ஒரு தமிழ்க் கல்யாணம் என்றால், பத்திரிகையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கத்தில் வலப்புறம் சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, முதலெழுத்துகள் மட்டும் சுருள் வால் நீட்டி நிற்கும் எழுத்தைத்தான் அச்சகங்களில் ‘ஸ்கிரிப்ட் ஃபாண்ட்’ என்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் என்பதன் வேர், எழுதுதலைக் குறிக்கும் லத்தீன் சொல். ஃபாண்ட் பிரெஞ்சு வழியாக வந்தது. உலோகத்தை உருக்கி வார்ப்பது என்று பொருள். ஈய எழுத்துகளை வார்த்த காலத்தின் மிச்சம் அது.

இந்தப் பாணி 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எழுத்தாசான்களிடம் உருவானது. கூரிய இறகுப்பேனாவை அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். தளர்த்தினால் மயிரிழையாக மெலியும். அந்தக் கையெழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, மையிட்டுத் தாளில் அச்சிட்டார்கள். லண்டனில் ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட கையெழுத்து மாதிரி நூல் புகழ்பெற்றது. இந்தப் பாணிக்குச் செப்புத் தகட்டைக் குறிக்கும் ‘காப்பர்பிளேட்’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது. இதைச் ‘செப்பேட்டு எழுத்து’ என்று தமிழாக்கினால் வம்பு. நம் செப்பேடு, சோழர் கால ஆனைமங்கலச் செப்பேட்டைப் போல, தானே ஆவணம். அவர்களுடையது அச்சுக்கான கருவி, அதில் எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருக்கும்.

சார்லஸ் ஸ்னெல் என்ற ஆசானின் கையெழுத்தை வைத்து 1960-களில் மேத்யூ கார்ட்டர் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்துருவை வரைந்தார். எட் பெங்கியாட்டின் ‘எட்வர்டியன் ஸ்கிரிப்ட்’ 1994-இல் வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சாய்வெழுத்து’ போதாது, அது இட்டாலிக். ‘கூட்டெழுத்து’ என்றால் பழைய அச்சில் ஒட்டி நின்ற உயிர்மெய் வடிவங்கள் நினைவுக்கு வரும். அழகுக் கையெழுத்துக் கலையான காலிகிராஃபிக்கு ஏற்கெனவே ‘வனப்பெழுத்து’ என்ற சொல் இருக்கிறது. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு அழகுகளை வனப்பு என்றே வகுக்கிறது; அடுக்கி அமைத்ததில் பிறக்கும் அழகுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. எனவே வனப்பெழுத்துரு.

தமிழ்ப் பக்கத்துக்கும் அதே நளினத்தைக் கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். எழுத்தாணி ஓலையில் ஒரே பருமனில்தான் கீறும். நம் எழுத்தின் வளைவுகள் அந்தப் பழக்கத்தில் உருண்டவை. விண்டோஸில் நாம் காணும் ‘லதா’ எழுத்துருவை உருவாக்கியவர் மும்பையின் ஆர். கே. ஜோஷி, அதுவும் ஏறக்குறைய சீரான கோடுதான். தாரிக் அஸீஸின் ‘கவிவனார்’ சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது, பத்திரிகைக்குப் பொருந்தும்.

ஆங்கிலப் பக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை: மணமக்கள் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் கோக்கச் சொல்லாதீர்கள். வால்கள் ஒன்றையொன்று பின்னி, மாப்பிள்ளை பெயரை மாமனாராலும் படிக்க முடியாது.