சுவிட்சர்லாந்துப் பயணம்: முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய வட்டாரச் சுற்றுலா இணையதளங்கள்

கோடை விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போக வேண்டும் என்று பயண ஏற்பாட்டாளர்களாகிய எங்களிடம் வரும் குடும்பங்களில் பல, போக வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையோடு கொண்டு வருகின்றன. அந்தப் பட்டியல் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஜூலையிலோ ஆகஸ்டிலோ எடுத்துப் போட்ட காணொளியைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்கும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். ஆல்ப்ஸ் மலையில் அது பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கோடைக்காலம் இன்னும் தொடங்காத இடைப்பருவம். உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். சில ரோப் கார்கள் வருடாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும். ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டென் போன்ற கணவாய்ச் சாலைகள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். எது எந்தத் தேதியில் ஓடும் என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவை அந்தந்த வட்டாரத்தின் அதிகாரபூர்வச் சுற்றுலா அலுவலகமும் மலை ரயில் நிறுவனமும் மட்டுமே.

26 கன்டோன்கள் (மாநிலங்கள்) சேர்ந்த அந்தக் கூட்டாட்சி நாட்டில் சுற்றுலாத் தகவலும் அடுக்கடுக்காகவே பிரிந்து கிடக்கிறது. மேலே, நாடு முழுவதற்குமான சுவிட்சர்லாந்துச் சுற்றுலா அமைப்பு இருக்கிறது. எங்கே போகலாம் என்ற ஆசையைத் தூண்டுவதற்கு அதன் இணையதளம் போதும். அதற்குக் கீழே பெர்ன் மலைப்பகுதி, வாலே, டிச்சினோ என வட்டார அமைப்புகளும், அவற்றுக்கும் கீழே ஊர் அளவிலான தகவல் மையங்களும் உள்ளன. கீழே இறங்க இறங்கப் படங்கள் குறைந்து, தேதிகளும் நிபந்தனைகளும் கூடும். பயணத் திட்டத்துக்கு வேண்டியவை அவைதான்.

இன்டர்லாகனுக்கு அருகே வில்டர்ஸ்வில்லிலிருந்து ஷீனிகே பிளாட்டே மலைக்கு, தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கர ரயிலை எடுத்துக்கொள்வோம். 1893இல் தொடங்கிய பாதை அது. உச்சி நிலையம் ஏறத்தாழ 1,967 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. (நம் மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலின் பல்சக்கர முறையை வகுத்த ரோமன் ஆப்ட்டும் சுவிஸ் பொறியாளரே என்பதால், நம்மவர்களுக்கு இந்த வகை ரயில்மீது தனி ஈர்ப்பு உண்டு.) இந்த ரயில் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே ஓடுகிறது, மே முதல் வாரத்தில் போகும் குடும்பம் இதைப் பட்டியலில் வைத்திருந்தால், நிலையத்தில் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரிடும். ரயில் நிறுவனத்தின் பக்கத்தில் அந்த ஆண்டின் தொடக்கத் தேதியும் இறுதித் தேதியும் இருக்கும். அதோடு, மலையுச்சிகளில் பொருத்தப்பட்டுள்ள நேரலைக் கேமராக்களையும் வட்டாரத் தளங்களிலிருந்தே பார்க்கலாம். சில கேமராக்களில் முந்தைய நாட்களின் காட்சிகளும் சேமிக்கப்பட்டிருக்கும். இதற்கு நேர்மாறாக, 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் நிலையம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அங்கே காலையில் உச்சி மேகத்துக்குள் இருக்கிறதா என்பதைக் கேமராவில் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் அந்தச் சீட்டின் விலை சிறியதன்று.

நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது விருந்தினர் அட்டையில்தான். சுவிஸ் ஊர்களில் தங்குவோரிடம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சுற்றுலா வரி வசூலிக்கப்படுகிறது. முன்பதிவுத் தளம் காட்டும் அறைக் கட்டணத்தில் அது பல நேரங்களில் சேர்ந்திருப்பதில்லை. அந்த வரிக்கு ஈடாகப் பல ஊர்கள் விருந்தினர் அட்டை தருகின்றன. பாசெலிலும் பெர்னிலும் தங்குபவர்கள் நகரப் போக்குவரத்தை இலவசமாகப் பயன்படுத்தலாம். பாசெல் அட்டைக்கு அருங்காட்சியகங்களில் பாதிக் கட்டணம். டிச்சினோவில் கன்டோன் முழுவதும் பேருந்திலும் ரயிலிலும் கட்டணமின்றிச் சுற்றலாம். லுகானோவில் தங்கிக்கொண்டு லொகார்னோவுக்குப் போய்வர ஒரு ஃபிராங்க்கூடத் தேவையில்லை. ஆனால் அங்கே இந்த அட்டை ஹோட்டல், இளைஞர் விடுதி, முகாம்தளம் போன்றவற்றில் தங்குவோரை மனத்தில் வைத்து உருவானது. சமைத்துச் சாப்பிட வசதியாக இருக்கும் என்று தனியார் வீட்டை வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள், தங்கள் வீடு அதில் சேருமா என்று உரிமையாளரிடமும் வட்டார அலுவலகத்திடமும் முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைப் பார்க்காமல் எல்லாருக்கும் சுவிஸ் டிராவல் பாஸை (நாடு முழுவதும் ரயில், பேருந்து, படகுகளில் பயணிக்க உதவும் ஒரே சீட்டை) வாங்கிவிடுவது வீண்செலவாகலாம். தொடர்ச்சியாக 3, 4, 6, 8, 15 நாட்களுக்கு அந்தப் பாஸ் கிடைக்கிறது. தினம் ஓர் ஊர் மாறுபவர்களுக்கு அது லாபம். ரிகி மலைக்கும் அதிலேயே போய்வரலாம். ஒரே ஊரில் நான்கைந்து நாட்கள் தங்குபவர்களோ விருந்தினர் அட்டையையும் தனிச்சீட்டுகளையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். யுங்ஃபிராவ்யோக்குக்கு அந்தப் பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை மட்டுமே செல்லும், அதற்கு மேல் தள்ளுபடிதான். பெற்றோரிடம் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் குடும்ப அட்டை உண்டு. பாஸ் வாங்கும்போதே அதையும் கேட்டுப் பெற வேண்டும்.

அதிகாரபூர்வத் தளம் என்பதாலேயே அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவற்றின் பணி தம் வட்டாரத்துக்கு ஆள் சேர்ப்பது. ஓர் இடம் உங்கள் இரண்டு மணி நேரத்துக்குத் தகுதியற்றது என்று அவை ஒருபோதும் சொல்லமாட்டா. தேதி, கட்டணம், நிபந்தனை ஆகியவற்றுக்கு அவற்றை நம்பலாம். எது பார்க்கத் தகுந்தது என்பதற்குப் போய்வந்தவர்களின் பேச்சே மேல். ஆங்கிலப் பக்கத்தில் தேதி பழையதாகத் தோன்றினால், அதே பக்கத்தின் ஜெர்மன், பிரெஞ்சு அல்லது இத்தாலிய வடிவத்தைத் திறந்து இயந்திர மொழிபெயர்ப்பில் படித்துப் பாருங்கள். தேடுபொறியில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கக்கூடும் என்பதால், நாட்டின் சுற்றுலாத் தளத்துக்குள் சென்று அங்குள்ள இணைப்பு வழியாக வட்டாரத் தளத்தை அடைவது பாதுகாப்பானது.

தளத்தில் கிடைக்காததை மின்னஞ்சலில் கேட்கலாம். "மே மாதத்தில் என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால் வரவேற்புரைதான் பதிலாக வரும். "மே 6 முதல் 9 வரை இன்டர்லாகனில் தங்குகிறோம், எழுபது வயதைக் கடந்த தாயாருக்கு முழங்கால் வலி, படிகள் இல்லாமல் ஏறக்கூடிய படகுகளும் ரோப் கார்களும் அந்த நாட்களில் எவை ஓடும்?" என்று கேட்டால் பயன்படக்கூடிய பதில் வரும். இதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் மூவாயிரம் மீட்டருக்கு மேல் போகலாமா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காமல் தங்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், நம்மவர்கள் ஜனவரியிலேயே தங்குமிடங்களை உறுதிசெய்துவிடுகிறார்கள். ஆகவே நிபந்தனையின்றி ரத்துசெய்யக்கூடிய அறைகளை மட்டும் எடுங்கள். போகவிருக்கும் மலைகளின் அவ்வாண்டுத் தேதிகள் வட்டாரத் தளங்களில் வந்ததும் இட வரிசையை ஒருமுறை மாற்றி அமையுங்கள். பணம் திரும்பாத சீட்டுகளை அதற்குப் பிறகு வாங்குங்கள்.