ஒரே மோமோவில் இரண்டு புளிப்பு

மோமோவுக்குள் ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸான சாவர்கிராவுட்டை மட்டும் வைத்து மூடினால் மாவு நசநசத்துப் போகும். வெந்த பிறகு தூக்கினால் அடி கிழிந்து, பூரணம் தட்டிலேயே தங்கிவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது. அடுத்த முறை நேபாளத்தில் கீரையைப் புளிக்க வைத்துக் காய வைக்கும் குந்த்ருக்கை ஒரு கைப்பிடி சேர்த்தேன். கொழுக்கட்டை போல முழுசாக வந்தது.

இரண்டும் கடுகுக் குடும்பத்து இலைகளைப் புளிக்க வைத்தவைதான். பச்சை காணாத குளிர்காலத்துக்கென்று சேமித்தவை. ஆனால் செய்முறையில் ஏறக்குறைய எதிரெதிர்.

ஜெர்மனியில் முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி, கிலோவுக்குச் சுமார் 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைகிறார்கள். சவ்வூடு பரவலால் செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்து, சற்று நேரத்தில் கோஸ் தன் நீரிலேயே மூழ்குகிறது. ஜாடியில் அமுக்கி மேலே பாரம் வைத்தால் காற்றுக்கு வழியில்லை. இலையில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்குகின்றன. முதலில் எழுவது லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இது வெளியிடும் கரியமில வாயு ஜாடியில் எஞ்சிய காற்றையும் துரத்திவிடும். அமிலம் ஏற ஏற, அதை உண்டாக்கியவற்றுக்கே தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது. அமிலத்தைப் பொறுத்துக்கொள்ளும் லாக்டோபேசில்லஸ் வகைகள் அந்த இடத்துக்கு வருகின்றன. புளிப்பு ஏற ஏற இறங்கும் பிஎச் அளவு சில வாரங்களில் 3.5 அருகே வந்து நிற்கும்.

குந்த்ருக்கில் உப்பே கிடையாது. ராயோ எனும் கடுகுக்கீரையையோ முள்ளங்கி இலையையோ ஓரிரு நாள் வெயிலில் வாட்டி, நசுக்கி, பானையில் இறுக்கித் திணித்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் போல வைக்கிறார்கள். நீரைக் குறைக்கும் வேலையை இங்கே வெயில் பார்த்துக்கொள்கிறது. கெட்ட கிருமிகளைத் தடுக்க உப்பு இல்லாததால் அமிலம் சீக்கிரம் ஊறியாக வேண்டும்; கதகதப்பும் இறுக்கமும் அதற்காகத்தான். புளித்ததும் மறுபடி வெயிலில் சருகாகக் காய வைப்பார்கள். அமிலம் பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தைப் பிடுங்கிவிடுவதால் கீரை பழுப்பாகியிருக்கும். பார்க்க அழகில்லை, மணம் அபாரம்.

இப்போது கணக்கு எளிது. ஒன்றில் நீர் மிகுதி, மற்றதில் துளியும் இல்லை. 200 கிராம் சாவர்கிராவுட்டைப் பிழிந்து, அந்தச் சாற்றிலேயே 20 கிராம் குந்த்ருக்கை ஊற வைக்கிறேன். சருகு சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது. தனக்கில்லாத உப்பும் அதனுடன் வந்து சேர்கிறது. கால் மணி நேரம் கழித்துப் பொடியாக நறுக்கிக் கலந்தால், மாவை நனைக்க மிச்சமாக நீர் இருக்காது.

பூரணத்துக்கு உடல் கொடுப்பது உருளைக்கிழங்கு. நேபாளிகள் குந்த்ருக் குழம்பில் போடுவதும் ஜெர்மானியர்கள் கோஸுக்குத் துணையாக வைப்பதும் அதைத்தான். தனியே வேக வைத்து மசித்த பிறகே புளிப்போடு சேர்க்க வேண்டும். செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் அமிலச் சூழலில் எளிதில் கரையாது, கிழங்கு மணிக்கணக்கில் விறைப்பாகவே கிடக்கும். காய் வேகும் முன் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டுச் சாம்பாரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாசனைக்கு ஜெர்மானியர் கோஸில் போடும் க்யூமெல், சீரகத்தின் உறவுக்கார விதை, அரைக் கரண்டி போதும். மிளகு போன்ற நேபாளத்து மசாலாவான திமுரை இன்னும் கஞ்சத்தனமாகப் போடுங்கள். அதிலுள்ள சான்ஷூல் எனும் வேதிப்பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டி நாக்கை விறுவிறுக்க வைக்கும். கூடினால் மற்ற ருசி எதுவும் தெரியாது.

மெல்லிய மைதா வட்டங்களில் வைத்து மடித்து, ஆவியில் சுமார் 10 நிமிடம். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டுவில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே இரண்டொரு நிமிடம் கூடுதலாகும். இந்தச் சூட்டில் பாக்டீரியாக்கள் பிழைக்காது. 1768இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு அஞ்சிச் சாவர்கிராவுட்டைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனாரே, அந்த வைட்டமின் சியிலும் ஒரு பங்கு போய்விடும். அதனால் பிழிந்த கோஸில் ஒரு பிடியைச் சமைக்காமல் எடுத்து வைத்து, மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளும் தக்காளி அச்சாரில் கலந்து பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.