அலுமினிய மீன்பிடிப் படகின் தளத்தைக் கழற்றும் முன்

ஒன்ராறியோவில் ஏரிகளின் பனிக்கட்டி உருகத் தொடங்கும் காலத்தில், பழைய அலுமினியப் படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் அதன் தளப்பலகை உக்கிப்போயிருப்பதைக் கண்டு எங்களைப் போன்ற படகு திருத்துநர்களைத் தேடி வருவார்கள். சிம்கோ ஏரியிலும் ரைஸ் ஏரியிலும் குவின்ரி வளைகுடாவிலும் தூண்டில் போடும் தமிழ்க் குடும்பங்கள் ஸ்காபரோவிலும் ஏஜக்ஸிலும் இப்போது நிறைய உண்டு என்பதால், இதைத் தமிழில் எழுதுவது பயனுள்ளது என்று கருதுகிறேன். 14 அடி, 16 அடிப் படகின் தளத்தை வீட்டுக் கராஜிலேயே மாற்றலாம். அதற்குப் பெரிய தச்சுத் திறமை எதுவும் தேவையில்லை. ஆனால் தளம் என்பது கால் வைக்கும் பலகை மட்டுமன்று. அதற்குக் கீழே உள்ளவைதான் படகு கவிழும் நாளில் உயிர்களைத் தாங்குகின்றன. பலகையை மட்டும் பார்த்து வேலை தொடங்குபவர்கள், பார்வைக்கு அழகான, ஆனால் தண்ணீர் புகுந்தால் மிதக்காத ஒரு படகைச் செய்து முடித்துவிடுகிறார்கள்.

அலுமினியம் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தியானது. 100 கிலோ அலுமினியம் முழுவதும் மூழ்கினால் அது இடம்பெயர்க்கும் தண்ணீர் ஏறத்தாழ 37 கிலோ மட்டுமே. எஞ்சிய 63 கிலோவையும், அதனுடன் இயந்திரத்தின் எடையையும், படகைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர்களின் பாரத்தையும் வேறொன்று தாங்கவேண்டும். அந்த வேறொன்றுதான் தளத்தின் கீழும் இருக்கைகளின் உள்ளும் அடைக்கப்பட்டிருக்கும் ஃபோம். 6 மீற்றருக்கு மேற்படாத சிறு படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டப்படவேண்டும் என்பது கனடாவின் கட்டுமான விதி. அமெரிக்காவிலும் 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இதையொத்த விதி உண்டு. படகுகளில் வழக்கமாக ஊற்றப்படும் பொலியூரித்தேன் ஃபோம் ஒரு கன அடிக்கு 2 இறாத்தல் எடையுள்ளது. அந்த ஒரு கன அடி, தண்ணீருக்குள் ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். ஆகவே பழைய ஃபோமை அள்ளிக் குப்பையில் எறிந்துவிட்டு, அந்த வெற்றிடத்தைத் தூண்டில் வைக்கும் பெட்டியாக மாற்றுபவர், ஒவ்வொரு கன அடிக்கும் 27 கிலோ மிதப்பைத் தம் கையாலேயே அகற்றுகிறார்.

இதன் மறுபக்கமும் உண்மை. பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்த ஃபோம் தண்ணீரைக் குடித்துவிடும். மேல்பகுதி காய்ந்து மஞ்சளாக இருப்பதைப் பார்த்து நல்லது என்று முடிவு செய்யக்கூடாது. பின்புறத்தில், ஏராவை (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பை) ஒட்டிய தாழ்ந்த இடத்தில், நீண்ட கத்தியால் அடிவரை வெட்டி ஒரு கைப்பிடித் துண்டை எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்துங்கள். தாள் நனைந்தால் அந்தப் பகுதி மிதப்பைத் தருவதற்குப் பதிலாகச் சுமையாகிவிட்டது. 50 லீற்றர் தண்ணீர் ஊறியிருந்தால் 50 கிலோ, அதாவது ஒரு பயணியின் எடை, எப்போதும் படகில் ஏறியிருக்கிறது. நம் குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து, தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளைத் தளர்த்திவிடுவதையும் கண்டிருக்கிறோம். ஈரமான ஃபோமைத் தயங்காமல் அகற்றுங்கள். ஆனால் அகற்றும் முன் ஒவ்வொரு அறையின் நீள அகல உயரத்தை அளந்து எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த கன அளவைவிடக் குறையாமல் திரும்ப வைக்கவேண்டும்.

ஃபோமையும் கம்பளத்தையும் எடுத்த பிறகு அடித்தகட்டில் வெண்ணிறப் பொடியும் சிறு குழிகளும் தெரிந்தால் அது அரிப்பு. அலுமினியத்தின் மேல் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலந்தான் அதைக் காக்கிறது. ஈரப் பஞ்சு போன்ற ஒன்று காற்றுப் புகாமல் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. செம்பு, பித்தளை, ஈயம் போன்ற வேறு உலோகம் ஈரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பலகை இடுக்கில் விழுந்து ஏராவோரம் தங்கிவிட்ட ஓர் ஈயக்குண்டைப் பெயர்த்தெடுத்தால், அதன் வடிவத்திலேயே தகட்டில் ஒரு பள்ளம் இருப்பதைக் காணலாம். வயர் இணைக்கும்போது வெட்டி விழுந்த செம்புத் துண்டுகளும் அப்படித்தான். அளவெடுத்துக் குறிக்கும்போது பென்சிலைத் தவிர்த்து மார்க்கர் பேனாவைப் பயன்படுத்துங்கள்; பென்சிலில் உள்ள கிராஃபைற்றும் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும்.

இந்தக் காரணத்தினால்தான், நான் மிக வலியுறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி வருகிறது. வன்பொருள் கடைகளில் வெளிப்புற வேலைக்கென்று விற்கப்படும், பச்சை அல்லது மண்ணிறச் சாயலுள்ள, மருந்தேற்றிய பிளைவுட்டை அலுமினியப் படகில் வைக்கவே கூடாது. ஆர்செனிக் கலந்த பழைய மருந்து 2003 இன் இறுதியில் வீட்டு உபயோக மரங்களிலிருந்து விலக்கப்பட்ட பின், அதன் இடத்துக்கு வந்த மருந்துகளில் செம்பின் பங்கு இன்னும் கூடுதலானது. மழைநீர் பட்டதும் அந்தச் செம்பு கரைந்து தகட்டின் மீது படிகிறது. “உக்காத மரம்தானே, நல்லது” என்று நம்பி வாங்குபவர்களின் பலகை உக்குவதில்லை என்பது உண்மைதான். அதற்குள் அடித்தகடு ஓட்டையாகிவிடுகிறது. பழைய தளம் இத்தகைய மரமாக இருந்தால், அறுக்கும்போது முகமூடி அணியுங்கள், துண்டுகளை எரிக்காதீர்கள். ஃபோமையும் எரிக்கக்கூடாது, அதற்கருகில் வெல்டிங் செய்யவும் கூடாது; அதன் புகை நச்சுத்தன்மை உள்ளது.

புதிய தளத்துக்கு மருந்தேற்றாத மரைன் பிளைவுட்டை எடுத்து, இரு முகங்களிலும், விளிம்புகளிலும், திருகாணித் துளைகளின் உட்புறத்திலும் எப்பொக்சிப் பிசின் பூசுங்கள். பலகை உக்கத் தொடங்குவது பெரும்பாலும் விளிம்பிலும் துளையிலும்தான் என்பதால், அங்கே சோம்பல் கூடாது. 12 மில்லிமீற்றர்ப் பலகை சதுர மீற்றருக்கு 7 கிலோ அளவில் இருக்கும். 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு 8 கிலோவைச் சற்றுத் தாண்டும். தகடு உக்காது, ஆனால் வெயிலில் கால் சுடும், சத்தம் எழுப்பும், கீழே நெருக்கமான தாங்கிகளைக் கேட்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே பொருத்தமானவை. அவையும் வேற்று உலோகம் என்பதால், இரு உலோகங்களையும் பிரிக்கும் பசையைப் பூசியே முறுக்கவேண்டும்.

தளத்தை மூடும் முன், படகை ரெயிலரில் வைத்தபடியே உள்ளே சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, கீழே படுத்து ஒவ்வொரு ரிவெட்டையும் பாருங்கள். வெளியிலிருந்து தேடிக் கிடைக்காத கசிவு இப்படித்தான் கிடைக்கும். கூடுதலாக நிரப்பினால் ரெயிலரும் தகடும் பாரம் தாங்காது.

ஃபோமைத் திரும்ப வைப்பதில் திருத்துநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஊற்றும் ஃபோம் இடைவெளியின்றி நிறைந்து தகட்டுக்கு விறைப்பைத் தரும். ஆனால் ஏராவோரம் தண்ணீர் ஓடும் வழியையும் அடைத்துவிடும். அந்த வழியில் ஒரு குழாயை வைத்துக் காத்த பிறகே ஊற்றவேண்டும். அதன் திரவங்களில் ஒன்று நுரையீரலைத் தாக்கும் ஐசோசயனேற் என்பதால், மூடிய கராஜில் அதைக் கலக்கக்கூடாது. வெட்டி அடுக்கும் நீல அல்லது இளஞ்சிவப்புப் பொலிஸ்ரைரீன் பலகைகளை எளிதில் கழற்றிப் பார்க்க முடிவதால் சிறு படகுகளுக்கு நான் அவற்றையே விரும்புகிறேன். எனினும் பெற்றோல் பட்டால் அவை கரைந்துவிடும். எரிபொருள் தாங்கி தளத்தின் கீழ் உள்ள படகில் அவை வேண்டாம்.

இறுதியாக, நடுவிலுள்ள குறுக்கு இருக்கை. நின்று தூண்டில் வீசுவதற்குத் திறந்த தளம் வேண்டும் என்று அதை அறுத்தெடுப்பவர்கள் அதிகரித்து வருகிறார்கள். அந்த இருக்கை இரு பக்கத் தகடுகளையும் பிடித்து நிற்கும் குறுக்குச் சட்டம். அதற்குள்ளும் ஃபோம் இருக்கிறது. எடுத்துவிட்டால் அலையில் பக்கங்கள் நெளியும், மிதப்பும் குறையும். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) உயர்த்தப்பட்ட மேடை கட்டினாலோ, நிற்பவரின் எடை மேலே ஏறுவதால் படகு கவிழும் வாய்ப்பு கூடும். ஒடுங்கிய 14 அடிப் படகுக்கு அதை நாங்கள் செய்து கொடுப்பதில்லை. படகு அதிகபட்சம் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று காட்டத் தயாரிப்பாளர் ஒட்டிய கொள்திறன் தகட்டில் உள்ள எண்கள், படகு தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்புக்கு உரியவை. ஆகவே நீங்கள் புதிதாகச் சேர்த்த மேடை, பெட்டி, மின்கலம் ஆகியவற்றின் எடையை அந்த எண்ணிலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதற்கு ஏற்பவே ஆட்களை ஏற்றுங்கள்.