‘லோ ரிசோர்ஸ்’ மொழி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பொதுநன்மைக்கான மொழித் தொழில்நுட்பத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறவர்களோடு கொஞ்ச நேரம் கதைத்தால், ‘தமிழ் ஒரு லோ ரிசோர்ஸ் மொழி’ என்ற வசனம் எப்படியும் வந்துவிடும். கேட்கிற எங்கட ஆட்களுக்குச் சுள்ளென்று ஏறும். சங்க இலக்கியம் இருக்கிற மொழிக்கு என்ன வளம் குறைவு?

கோபம் விளங்குகிறது. ஆனால் அந்தத் துறையில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ‘மீண்டும் எழுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் ‘ரிசோர்ஸ்’; இடரில் கைகொடுப்பது என்றாகி, பிறகு கையிருப்பு என்றானது. மொழித் தொழில்நுட்பத்தில் அது கணினி வாசிக்கக்கூடிய உரை, இரு மொழி இணை வாக்கியங்கள், இலக்கணக் குறிப்புகள் சேர்த்த வாக்கியங்கள், எழுத்தாக்கிய பேச்சுப் பதிவுகள், இவற்றைக் கையாளும் கருவிகள். 7 கோடிக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள் என்பதோ மொழியின் பழமையோ இந்தக் கணக்கில் வராது.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவு. 1842 இல் இங்கே வெளிவந்த அகராதியில் 58,500 சொற்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வருகிறது, எவ்வளவு பெரிய உழைப்பு அது! ஆனால் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கம் கணினிக்கு வெறும் படம்தான். படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரியில் போட்டு, பிழை பார்த்துத் திருத்தினால்தான் அது ‘ரிசோர்ஸ்’. 1981 இல் பொது நூலகத்தோடு எரிந்த சுமார் 97,000 நூல்களிலும் ஏடுகளிலும் வேறெங்கும் பிரதி இல்லாதவற்றை வருடவும் வழியில்லை.

சரி, இதில் பொதுநன்மை எங்கே வருகிறது? 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தில் உதவி கேட்டு வந்த குறுஞ்செய்திகள் கிரெயோல் மொழியில் இருந்தன, வெளியிலிருந்து வந்த மீட்புப் பணியாளர் பலருக்கு அந்த மொழி தெரியாது, தன்னார்வலர்கள் இருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அப்புறம் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்பா, இடர் நேரத்தில் இப்படிப்பட்ட மொழிகளை விரைவாகக் கையாளுவதற்கென்றே ‘லோரெலை’ என்ற திட்டத்தை நடத்தியது. அந்தப் பெயரின் விரிவிலேயே ‘லோ ரிசோர்ஸ்’ இருக்கிறது. இப்போது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வெள்ளம் என்று வையுங்கள். ‘அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வெளிக்கிட்டனாங்கள், றோட்டால போகேலாமக் கிடக்கு’ என்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். பத்திரிகைத் தமிழை மட்டும் படித்த கணினி இதில் தடுமாறும். அந்த இடத்தில் தரவுக் குறைவு ஓர் உயிர்ப் பிரச்சினை.

இனித் தமிழ்ச்சொல். ‘குறைவள மொழி’, ‘வளம் குறைந்த மொழி’ என்று எழுதுகிறார்கள். பயிற்சிப் பட்டறைக்கு வருகிறவரை ‘வளவாளர்’ என்று அழைத்துப் பழகிய எங்களுக்கு ரிசோர்ஸ் என்றால் வளம் என்பது புதிதில்லை. ஆனாலும் ‘மொழி’ பக்கத்தில் வந்தால் ‘வளம்’ செழுமையைத்தான் குறிக்கும், ‘வளம் குறைந்த மொழி’ என்று கேட்கிற மாணவர் தன் மொழி வறியது என்றே எடுத்துக்கொள்வார். அதனால் ‘தரவு குறைந்த மொழி’ என்பதே என் தெரிவு. கருவிகள் விடுபடுகின்றனவே என்றால், முதல் முறை ‘தரவும் கருவியும் குறைந்த மொழி’ என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கலாம். ஈழத்துப் பேச்சைத் தனியே எடுத்து ஆய்கிறவர்கள் ‘தரவு மிகக் குறைந்த வழக்கு’ என்று எழுதலாம்.