இரண்டாவது ஐபி போட்டும் இன்டர்நெட் வரவில்லையா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதி. சீசன் தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. புது ரவுட்டரைப் பூட்டிக் கொடுத்துவிட்டு நான் வீடு வந்து சேர முன்னமே முதலாளி கோல் எடுத்தார். "தம்பி, கமரா டிவியில தெரியுது, என்ட போனில தெரியுதில்லை. லைட் எல்லாம் எரியுது, பிறகேன்?"

விஷயம் இதுதான். கமரா ரெக்கோர்டருக்கு 192.168.0.50 என்று நிலையான ஐபி, அதாவது வலையமைப்பில் அதன் விலாச எண். புது ரவுட்டரோ 192.168.1.1. மூன்றாவது எண் வேறு, அதனால் வலையமைப்பும் வேறு. இரண்டும் ஒரே சுவிட்சில்தான் செருகியிருந்தன, ஆனால் அடுத்தடுத்த வளவில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் மாதிரி. ரெக்கோர்டரின் ஐபியை மாற்றினால் முடிந்தது. அதன் பாஸ்வேர்ட் தெரிந்தவர் கட்டாரில். அவரைப் பிடிக்க முடியவில்லை.

சரி, ரவுட்டருக்கே இன்னொரு ஐபி கொடுப்போம் என்று போனேன். அது மைக்ரோடிக் கம்பனி ரவுட்டர். அட்ரஸ் பட்டியலில் அதே லேன் (உள் வலையமைப்பு) பக்கத்துக்கு 192.168.0.1/24 என்று இரண்டாவதாகச் சேர்த்தேன். /24 என்றால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பவை ஒரே வலையமைப்பு. இங்கே முதல் தவறு. ரெக்கோர்டர் தன் கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாக, வைத்திருந்தது பழைய ரவுட்டரின் 192.168.0.254ஐ. அது அந்த விலாசத்தையே தேடிக்கொண்டிருந்தது. புது எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது ஐபி போடும்போது பழைய கேட்வே எதுவோ அதையே போடவேண்டும்.

மாற்றினேன். என் லாப்டொப்புக்கு 192.168.0.77 கொடுத்துப் பார்த்தால் 0.254க்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகிறது, வெளியே இன்டர்நெட்டில் இருக்கிற கூகிளின் 8.8.8.8க்குப் போகவில்லை. ரவுட்டர் வரை வந்து நிற்கிறது என்றால் சந்தேகம் முதலில் நேட் (ரவுட்டர் விலாசத்தை மாற்றி வெளியே அனுப்பும் வேலை) மேல்தான் விழவேண்டும். 192.168இல் தொடங்கும் விலாசங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் அவற்றைத் தனியார் பாவனைக்கென்று ஒதுக்கியது. வெளியே போகும்போது ரவுட்டர் அவற்றைப் பொது ஐபியாக மாற்றவேண்டும். அதற்காக நான் எழுதிய மாஸ்கரேட் என்ற நேட் விதியில் 192.168.1.0/24 மட்டுமே இருந்தது. 192.168.0.0/24க்கும் ஒரு வரி சேர்த்ததும் முதலாளியின் போனில் கமரா வந்தது. மெத்தப் படித்தவன் மாதிரி விதியை இறுக்கி எழுதியது நான்தான், பழியை ரவுட்டர் மேல் போடமுடியாது.

ஒன்றையும் கவனியுங்கள். பொருட்களுக்குத் தானாக ஐபி கொடுக்கிற டிஎச்சிபி வழமையாக முதல் வலையமைப்பிலிருந்துதான் கொடுக்கும். இரண்டாவதில் இருக்கிற பொருளுக்கு நீங்களே கையால் போடவேண்டும்.

இதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு. இரண்டு ஐபி இருந்தால் இரண்டு வலையமைப்பும் பிரிந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வளவுக்கு இரண்டு படலை வைத்தால் வளவு இரண்டாகிவிடுமா? அன்று வராந்தாவில் விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு அதே 0.77ஐப் போட்டேன், ரெக்கோர்டரின் லொகின் பக்கம் திறந்தது. எனக்குத் திறந்தால் அறை எடுத்துத் தங்குகிறவருக்கும் திறக்கும். அப்புறம் விருந்தினர் வைஃபையை வேறு விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள்ளேயே பிரித்து வைக்கும் தனி வலையமைப்பு) மாற்றினேன். விலான் மட்டும் போதாது. ரவுட்டர் இரண்டுக்கும் நடுவில் தானே பாதை காட்டிவிடும், ஃபயர்வாலில் தனியாகத் தடுக்கவேண்டும்.

மாரி மழையில் விடுதி வெறுமையாகும்போது புது ரெக்கோர்டர் வாங்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்த 0.254ஐ அழித்துவிடுவேன். அதுவரை இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிறேன், அடுத்து வருகிறவன் திண்டாடக்கூடாது.