“ஏன் கத்தவில்லை?” என்று இனி யாரும் கேட்காதீர்கள்

போன மாதம் என் அறைக்கு வந்த ஒரு பெண், உட்கார்ந்ததும் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பேசவில்லை. தாளின் இரண்டு பக்கமும் நெருக்கமான எழுத்து. எத்தனை மணிக்குக் கிளம்பினாள், என்ன உடுத்தியிருந்தாள், கதவு எந்தப் பக்கம் இருந்தது, எல்லாம் இருந்தது. கடைசி வரி: “நான் கத்தவில்லை.” அதற்குக் கீழே காரணம் எழுதத் தொடங்கி, அடித்து, திரும்ப எழுதி, திரும்ப அடித்திருந்தாள். அந்த இடத்தில் பேனா அழுந்தித் தாளே கிழிந்திருந்தது.

“யாராவது கேட்டா இதைக் காட்டிடலாம்னு எழுதிவெச்சேன்” என்றாள். அவளுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி அதுவரை அவளிடம் கேட்டவர்கள் பதினொரு பேர். விசாரிக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர்கள் அதில் மூன்று பேர்தான். மற்ற எட்டுப் பேரும் உறவினர்கள், அக்கம்பக்கத்தவர்கள். அவள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். எட்டுப் பேரும் தவறாமல் கேட்டது “ஏன் கத்தவில்லை?” என்ற அந்த ஒரே கேள்வி. (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி மற்ற விவரங்களை மாற்றிவிட்டேன்.)

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. நடந்த கொடுமையைவிட, அதற்குப் பிறகு வீட்டில் கேட்ட பேச்சை நினைத்து அழுதவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இதற்குமேல் பொறுமை இல்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆபத்து வந்தால் மனிதர் ஓடுவார் அல்லது எதிர்த்து நிற்பார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. உடல் உறைந்துபோவது. தப்ப வழியில்லை என்று மூளைக்குத் தோன்றிய கணத்தில் கை கால் மரத்துப்போகும், தொண்டையில் குரல் எழும்பாது. நடப்பது தெரியும், ஆனால் உடல் சொன்ன பேச்சைக் கேட்காது. இதை யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. கண்ணுக்கு நேரே கை வீசினால் இமை மூடுகிறதே, அதுபோலத் தானாக நடப்பது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்காகவே உள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவுக்கு உறைந்துபோயிருந்தார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகத் தீவிரமாக இருந்தது. அதாவது உறைந்துபோனவர்கள்தான் அதிகம். அப்படி உறைந்துபோனவர்களுக்கே பிற்பாடு மன அதிர்ச்சி நோயும் (நடந்தது திரும்பத் திரும்ப மனதில் வந்து வாட்டுவது, PTSD என்பார்கள்) கடுமையான மனச்சோர்வும் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் “அப்ப உனக்கும் சம்மதம்தானே” என்கிறோம். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் இதே நடக்கிறது. “ஆம்பளைதானே, தள்ளிவிட்டிருக்கலாமே” என்று ஒரு அண்ணன் தன் தம்பியிடம் என் எதிரிலேயே கேட்டார். அந்தத் தம்பி மறுமுறை வரவே இல்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று: “அழவே இல்லையே, நல்லாத்தானே இருக்கா.” ஆன் பர்ஜெஸ் என்ற மனநலச் செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு மருத்துவமனைக்கு வந்த, பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்களைக் கவனித்து 1974லேயே எழுதிவைத்துவிட்டார்கள். சிலர் அழுது நடுங்குவார்கள், சிலர் கல்லாக அமைதியாக இருப்பார்கள், இரண்டுமே அதிர்ச்சிதான் என்று. நடந்ததை முன்பின்னாகச் சொல்வதும், நடுவில் ஒரு துண்டு நினைவில் இல்லாமல் போவதும் அப்படித்தான். பொய் சொல்வதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? நம்புங்கள். நம்புவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “உன்மேல் தப்பில்லை. இப்ப உனக்கு என்ன வேணும்?” முதல் நாளுக்கு இவ்வளவு போதும். விவரம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். தொடுவதற்குமுன், கட்டிக்கொள்வதற்குமுன், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மருத்துவமனைக்குத் தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனைக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள்தான் அவகாசம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். தடயம் எடுக்கும்வரை குளிக்காமல் இருந்தால் நல்லது. உடைகளைக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டார்களா? பரவாயில்லை, அப்போதும் போங்கள். அதற்காக வேறு திட்டாதீர்கள்!

குழந்தை என்றால், அது தானாகச் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். “அந்த மாமாதானே? இங்கதானே தொட்டாரு?” என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் பிறகு விசாரணையில் அந்தக் குழந்தைக்கு எதிராகத் திரும்பும்.

அப்புறம், அப்பாக்களுக்கு. “அவனை வெட்டாம விடமாட்டேன்” என்று நீங்கள் கொதிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் மகள் தன் வலியை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்குகிறாள். அடுத்து எதையும் உங்களிடம் சொல்லமாட்டாள். என் அறைக்கு வெளியே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி விடாமல் நடுங்கிய தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. தாய், கணவன், கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்குமே தூக்கம் போகும், குற்றவுணர்ச்சி அரிக்கும். அதை வெளியே வேறொருவரிடம் போய்க் கொட்டுங்கள், பாதிக்கப்பட்டவரிடம் கொட்டாதீர்கள்.

அந்த வேறொருவராக இருக்கத்தான் அக்கம்பக்கம் வேண்டும். தயவுசெய்து துக்கம் விசாரிக்கக் கூட்டமாகப் போகாதீர்கள். யாருக்கெல்லாம் தெரியலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதால் அடுத்தவருக்குச் சொல்ல உங்களுக்கு உரிமை வந்துவிடாது. பெயரையோ படத்தையோ வாட்ஸப்பில் அனுப்புகிறவர், எவ்வளவு கண்ணீரோடு அனுப்பினாலும், கெடுதல்தான் செய்கிறார். சின்னக் குழந்தைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலில் ஒரு வேளையை ஏற்றுக்கொள்ளுங்கள். வாசலில் நின்று, வருகிறவர்களிடம் “அவங்க தூங்கறாங்க” என்று சொல்லி அனுப்ப ஒருவர் இருந்தால் அந்த வீடு கொஞ்சம் மூச்சு விடும்.

இதைச் செய்தால் பலன் உண்டா? உண்டு. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சம்பவம் நடந்து சுமார் இரண்டு வாரத்தில் 94 சதவீதப் பெண்களுக்கு மன அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்திருந்தது. மனம் தானாகவே ஆறப் பார்க்கிறது. பழி சொல்லும் பேச்சு அதைத் தடுக்கிறது, நம்பிப் பக்கத்தில் இருப்பது அதற்கு வழிவிடுகிறது.

ஆனால் மீதி 47 சதவீதத்தைக் கவனியுங்கள். அந்த மூன்றாவது மாதத்தில்தான் வந்துபோனவர்கள் எல்லோரும் மறந்திருப்பார்கள். தூக்கம் வராமல், வெளியே இறங்கப் பயந்து, வேலையை விட்டுவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். அப்போது போங்கள். பழையதைக் கிளறாமல், “நாளைக்கு ஆலோசகர்கிட்ட போகணுமாமே, நான் கூட வரட்டுமா?” என்று கேளுங்கள். நான் நாற்பத்தைந்து நிமிடம் பேசுவேன். திரும்பிப் போகும் வழியில் அவர் பேசாமல் வருவார். நீங்களும் பேசாமல் கூட நடங்கள்.