சொட்டு எங்கே விழுகிறது, ஓட்டை எங்கே இருக்கிறது

செங்கோட்டையிலிருந்து கேரளாவுக்குப் போகும் மலைப்பாதையில், புளியரை எஸ் வளைவில் ஏறும்போது பழைய மாருதி 800 திணறுகிறது. மேலே கோட்டைவாசலில் நிறுத்தி பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஈரம் மட்டும் எங்கும் தெரியவில்லை. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றில் கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது. காரணம் புரிய, பம்புக்கு முன், பம்புக்குப் பின் என்று பெட்ரோல் பாதையை இரண்டாகப் பார்க்க வேண்டும்.

டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள ஹோஸில் ஓடுவது உறிஞ்சல். வண்டி ஓடும்போது உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் அங்கே வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போது பம்பு காற்றையும் சேர்த்து இழுப்பதால்தான் திணறல். அதே வண்டியை நிறை டேங்குடன், செங்கோட்டை பக்கம் பார்த்து இறக்கத்தில் நிறுத்தினால் பின்னால் உள்ள டேங்க் உயர்ந்து, அதே வெடிப்பில் பெட்ரோல் சொட்டத் தொடங்கும். பம்புக்குப் பிறகு நிலைமை நேர்மாறு. சுமார் 0.2 முதல் 0.3 பார் அழுத்தம் இருப்பதால் என்ஜின் ஓடும்போதே கசியும்.

கசிவைத் தேடுவதற்கு நல்ல நேரம் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது. சூடான பாகத்தில் பெட்ரோல் உடனே ஆவியாகி, பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும். அந்தக் கறையும் ஒரு தடயம்தான். எல்லா இணைப்புகளையும் துடைத்து, முகப்பவுடரை லேசாகத் தூவி, ஸ்பார்க் வராதபடி இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சில நொடி சுற்றவிடுங்கள். பவுடர் நனைந்த இடங்களில் மிக உயரத்தில் இருப்பதுதான் ஓட்டை. கீழே சொட்டும் இடத்தை நம்பி ஹோஸ் மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் அதிகம்.

பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரம் இருந்தால் பம்புக்குள் பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வான டயாபிரம் கிழிந்திருக்கிறது. சில பம்புகளில் அந்தப் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். டயாபிரம் மாற்றியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும்.

கார்புரேட்டரே வழிந்தால் பெட்ரோல் வரத்தை மூடும் நீடில் வால்வில் தூசு இருக்கலாம், அல்லது அந்த வால்வை இயக்கும் மிதவையான ஃப்ளோட் ஓட்டையாகியிருக்கலாம். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சத்தம் தரும். பெட்ரோலை முழுக்கத் துடைத்து உலரவிட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைப்பதால் பழைய ரப்பர் ஊதி, பிறகு காய்ந்து வெடிக்கிறது. மாற்றும்போது மேலே 30R9 என்று அச்சிட்ட, எத்தனாலைத் தாங்கும் ரக ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸ் உலோகக் குழாயின் மேல் 25 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். பல் வைத்த கிளிப்பை இறுக்கினால் ரப்பரை அறுக்கும், விளிம்பு மழுங்கிய கிளிப்பே நல்லது. பிரித்த செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். சோதனைக்குச் சுற்றும்போது மட்டும் மாட்டலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு ஊர்ந்து எட்டத்தில் எரியும் அடுப்பைத் தொட்டுவிடும். மூடிய போர்ட்டிகோவில் வேண்டாம், திறந்த வெளியில், பவுடர் தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.